பிளாஸ்திரி ஒட்டிய கார்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒரே ஒரு வரி வந்து நின்றது: டிஸ்க் எதுவும் இல்லை.

அவன் அணைத்துவிட்டு மறுபடி போட்டான். அதே வரி. மூன்றாவது தடவை பொத்தானை அழுத்தும்போது விரல் வழுக்கியது.

அந்தப் பெட்டிக்குள்தான் அவன் மனைவியின் குரல் இருந்தது. வேறெங்கும் இல்லை.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. படுக்கையில் கிடந்த ஏழு மாதத்தில் போனில் முப்பத்தொரு தடவை பேசிப் பதிவு செய்திருந்தாள். கண்ணீரும் கம்பலையுமாக ஒன்றும் இல்லை. வாஷிங் மெஷின் குதித்தால் எந்தக் காலுக்கு அட்டை வைக்க வேண்டும், குழந்தைக்குச் சளி பிடித்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்படித்தான். போனில் இடம் போதாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடுவான். 'வீடு' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்ததும் அவள்தான்.

முப்பதைக் கேட்டிருந்தான். கடைசி ஒன்றைத் தொடவில்லை. அதையும் கேட்டுவிட்டால் அவள் பேசி முடித்துவிடுவாள்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. "அம்மா எப்படிப் பேசுவாங்க?" என்று நேற்றுக் கேட்டாள். நாளைக்குக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அதற்காகத்தான் இன்று பெட்டியைப் போட்டதே. அவள் கூடத்தில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அவன் மச்சானுக்குப் போன் செய்தான். மனைவியின் அண்ணன்; பள்ளி வேன் ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும், "வெச்சுடு மாப்ளே, வரேன்" என்றார். முக்கால் மணி நேரத்தில் வேன் வாசலில் நின்றது. முன் இருக்கையிலிருந்து கருவிப் பையோடு ஓர் அம்மாள் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்க்கும் மெக்கானிக்.

பக்கத்து மூடியைக் கழற்றி, 'ப்பூ' என்று ஊதினார். டார்ச் அடித்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"கார்டு போயிடுச்சு சார். இதோ, கருகியிருக்கு பாருங்க."

"டிஸ்க்?"

"ரெண்டும் சுத்துது. ஏன் இப்படிப் பயப்படுறீங்க? இதுக்குத்தானே ரெண்டு போட்டு வெச்சிருக்கீங்க?"

"அது என்னத்துக்கு ரெண்டு?" என்று மச்சான் கேட்டார்.

"ஒண்ணுல எழுதுறதை இந்தக் கார்டு அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும் மச்சான். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்." கார்டு வாங்கிய நாளில் அவளிடம் சொன்ன அதே வாக்கியம்.

"ஓ, ஸ்டெப்னி மாதிரி."

"ஸ்டெப்னி சும்மா கிடக்கும். இது ரெண்டும் சேர்ந்தே ஓடும்."

"என் வேன்லயும் ஸ்டெப்னி இருக்கு. காத்து இருக்கா இல்லையான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். பஞ்சராகுற அன்னிக்குத் தெரிஞ்சுடும்."

மெக்கானிக் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே ரகத்தில் ஒரு கார்டு அவர் பையிலேயே இருந்தது. பழையதைப் பிடுங்கி மேஜைமேல் போட்டுவிட்டுப் புதியதைச் செருகி, டிஸ்க் வயர்களை இறுக்கி மாட்டினார். திரையில் கேள்வி வந்தது. இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல் இல்லை. முதல் டிஸ்க்கை இரண்டாவதின்மேல் நகலெடுக்கலாமா?

"கார்டு மாத்தினா இப்படித்தான் வழக்கமா கேக்கும். ஆமான்னு போட்டா ஒரு மணி நேரத்துல ரெண்டும் சமமாயிடும்" என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் விசைப்பலகைமேல் கையை வைத்தார்.

அப்போதுதான் அவன் மேஜையில் கிடந்த பழைய கார்டைப் பார்த்தான். அதன் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன ஒலிப்பான். அதன்மேல் மூன்று அடுக்காகப் பிளாஸ்திரி. புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி. விளிம்பெல்லாம் அழுக்கேறிக் கறுத்திருந்தது.

"தொடாதீங்க!"

கத்தியதோடு நிற்காமல் அவர் மணிக்கட்டையும் பிடித்துவிட்டான். கூடத்தில் பென்சில் சத்தம் நின்றது.

"என்ன மாப்ளே?" என்றார் மச்சான்.

அவன் பிளாஸ்திரியைக் காட்டிச் சொன்னான். அவள் படுத்த முதல் வாரம். படுத்தபடியே படம் பார்க்கட்டும் என்று அவன்தான் பெட்டியை இழுத்துக் கட்டில் பக்கம் கொண்டுபோய் வைத்தான். மறுநாளிலிருந்து அது கத்த ஆரம்பித்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு பீப். கண் அசந்தால் போதும், அவளை உலுக்கி எழுப்பிவிடும். மூடியைக் கழற்றி, மருந்துத் தட்டிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து அதன் வாயை அடைத்தான். அவள் தூங்கினாள். அவன் மறந்துபோனான்.

"அது எதுக்குக் கத்துதுன்னு பாக்கவே இல்லையா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இல்ல."

"காலேஜ் வாத்தியாருன்னு வர்ற வழியில உங்க மச்சான் சொன்னாரு. என்ன பாடம் எடுக்குறீங்க?"

"இயற்பியல்."

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"விடுங்க மேடம்" என்றார் மச்சான்.

மெக்கானிக் விசைப்பலகையை மெதுவாகத் தள்ளி வைத்தார். பிறகு மச்சானுக்குப் புரியும்படி சொன்னார். "பெட்டியை இழுத்ததுல ஒரு டிஸ்க்கோட வயர் லூசாகியிருக்கும். கார்டு அதைக் கழட்டி விட்டுட்டு, ஒண்ணைக் காணோம், ஒண்ணைக் காணோம்னு கத்தியிருக்கு. அன்னியிலேர்ந்து ஒரு டிஸ்க் அப்படியே உறைஞ்சு நிக்குது. மத்த எல்லாமே இன்னொண்ணுல மட்டும்தான். உறைஞ்சதை எடுத்து அதுமேல நகல் போட்டா…"

"எல்லாம் அழிஞ்சுடும்."

"சுத்தமா."

"எது உறைஞ்சது?" என்று மச்சான் கேட்டார்.

மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். ஒரே ரகம், ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கிய இரண்டு டிஸ்க்குகள். முப்பத்தொரு பதிவுகளும் பெட்டியை இழுத்த பிறகு ஏறியவை. இரண்டில் ஒன்றில் எல்லாம் இருந்தது. மற்றதில் எதுவுமே இல்லை.

கார்டே வேண்டாமென்று எடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு டிஸ்க்காக நேரே மதர்போர்டில் மாட்டிப் பார்ப்பது, பார்க்க மட்டும், எழுதக் கூடாது என்று முடிவானது. முதல் டிஸ்க் ஜம்மென்று எழுந்தது. போட்டோக்களைத் திறந்தான். குழந்தை தவழ்கிறாள். குழந்தை சீப்பைக் கடிக்கிறாள். அதோடு சரி. 'வீடு' இல்லை.

இதைத்தான் மற்றதன்மேல் நகலெடுக்கட்டுமா என்று புதிய கார்டு கேட்டது. ஒரு விரல் அழுத்தியிருந்தால் போதும். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு இருக்குல்ல மாப்ளே? எழுந்திரு" என்று மச்சான் தோளைத் தட்டினார்.

இரண்டாவது டிஸ்க்கை மாட்டியதும் 'டக்' என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி 'டக்'.

மெக்கானிக்கின் முகம் மாறியது. "ரெண்டரை வருஷமா தனியா ஓடியிருக்கு. ரொம்பத் தளர்ந்துபோச்சு சார். ஒரு தடவை எடுக்கலாம். இன்னொரு தடவைக்கு நான் பொறுப்பில்ல."

'வீடு' இருந்தது. அதை மட்டும் பென்டிரைவுக்கு இழுத்துவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏறியது. பத்தொன்பதில் நின்றது. டக். டக். டக். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். தான் மூச்சு விட்டால் அதற்குப் பாரமாகிவிடும் என்று தோன்றியது. பக்கத்தில் மச்சான், மேட்டில் திணறும் வேனைக் கெஞ்சுவதுபோல, "ஏறுடா ராஜா, ஏறு, ஏறு" என்று முணுமுணுத்தார்.

இருபது.

முப்பத்தொன்றும் ஏறி முடிந்தது.

"கடைசியைப் போட்டுக் காட்டுங்க" என்றார் மெக்கானிக்.

"வேற ஒண்ணைப் போடட்டுமா?"

"பத்தொன்பதைத் தாண்டினதைப் பாத்தோம். கடைசில கைவிட்டிருந்தா தெரியாது. பேரு மட்டும் வந்து உள்ளே காலியா இருக்கும், நான் பாத்திருக்கேன். கேட்டாத்தான் இந்த டிஸ்க்கை நிறுத்துவேன்."

டிஸ்க் பின்னால் டக்கென்றது. அவன் அழுத்தினான்.

இருமல். பிறகு, "வாத்தியாரே, ஓடுதா இது? சரி. கேஸ் டியூப் சொல்லிட்டேன், மெஷின் சொல்லிட்டேன். எங்க அண்ணனை வீட்டுக்குள்ள வேனை ரிவர்ஸ் எடுக்க விடாதீங்க, பூந்தொட்டி மிஞ்சாது. அப்புறம்… அந்தப் பெட்டி வாயில என் பிளாஸ்திரியை ஒட்டினீங்கல்ல? நான் தூங்கணும்னுதான் ஒட்டினீங்க, தெரியும். ஆனா அது சும்மா கத்தாது. நான் போனதும் பிச்சு எடுத்துடுங்க. என்ன?"

அவ்வளவுதான்.

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எப்ப பூந்தொட்டியை உடைச்சேன்?" என்றார்.

மெக்கானிக் பதிவுகளை இன்னும் இரண்டு பென்டிரைவில் போட்டார். ஒன்றை மச்சானின் சட்டைப்பையில் வைத்துப் பட்டனையும் போட்டுவிட்டார். தளர்ந்த டிஸ்க்கை எடுத்துப் பையில் வைத்தார். நல்ல டிஸ்க்கில் பதிவுகளை ஏற்றி, அதை மட்டும் புதிய கார்டில் மாட்டினார். கார்டு பீப் என்றது.

"திங்கட்கிழமை புது டிஸ்க் கொண்டாரேன். அதுவரைக்கும் இப்படித்தான் கத்தும். நிறுத்திடவா சார்?"

"வேண்டாம்."

மேஜையில் கிடந்த பழைய கார்டை எடுத்துப் பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டினான். அழுக்கேறி இறுகியிருந்ததில் பிடி கிடைக்கவில்லை. ஒவ்வோர் அடுக்காகத்தான் வந்தது.

மகள் காதைப் பொத்திக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். "அப்பா, அது ஏன் கத்துது?"

"ஒண்ணைக் காணோம்னு கத்துது."

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்ப பேசினாங்களே, அது யாரு?"