இடது காது

தகடு அடிக்கும் பிரஸ் இரண்டு முறை இறங்கி ஏறும் வரை வனஜா வாசலிலேயே நின்றாள். மூன்றாவது முறை இறங்குவதற்குள் "சார்!" என்று கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அவசரத்தில் செருப்பில்லாமல் வந்திருந்தாள். தரையின் அதிர்வு முழங்கால் வரை ஏறியது.

உத்தமன்தான் முதலில் பார்த்தான். அவள் அப்பா வேம்புலி பத்து வருஷம் உட்கார்ந்து வேலை செய்த ஸ்டூலில் இப்போது அவன் உட்கார்ந்திருந்தான். மெஷினை நிறுத்திவிட்டு, கந்தலில் கையைத் துடைத்தபடி எழுந்து வந்தான்.

"இன்னாம்மா வனஜா... அண்ணாத்தே...?"

"கீறாரு. மூச்சு கீது. சூப்பர்வைசரைப் பாக்கணும்."

தகரக் கூரை போட்ட சிறிய அறையில் பார்த்தசாரதி டீ குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் காலையில் இட்ட ஒற்றை நாமம் வியர்வையில் பாதி கரைந்திருந்தது. அவளைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்தார். "உட்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு தகட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளங்கை அளவு வட்டம். நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் மூன்று சின்ன ஓட்டைகள்.

"கழிச்ச பீஸுதான் சார். நைனா எடுத்தாந்து சாமி படத்தாண்ட வச்சிருந்தாரு. திருடினதுன்னு நெனச்சிக்காதீங்க."

"யாரும்மா நெனச்சா? விஷயத்தைச் சொல்லு."

"இத்த எதுல மாட்டறாங்க சார்?"

பார்த்தசாரதிக்குப் புரியவில்லை. பெரியாஸ்பத்திரியில் கைவிட்டு, மூன்று வாரமாக வீட்டில் கிடக்கிற மனிதனின் மகள். அட்வான்ஸ் கேட்க வந்திருப்பாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"மூணு நாளா இதேதான் கேக்கறாரு சார்" என்றாள் வனஜா. "நா போய் கேட்டாறேன்னு சொல்ட்டு வந்துட்டேன்."

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்த புதிதில் வேலைக்குச் சேர்ந்தவர் வேம்புலி. முதல் வருஷமே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அப்போதிருந்த சூப்பர்வைசர், "அடிக்கிறதுதான் உன் வேலை, கேக்கிறது இல்ல" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அதன் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தகடு. சாயங்காலம் கோணிப்பையில் கட்டுவார்கள், லாரி வந்து எடுத்துப் போகும். பத்து வருஷத்தில் பிரஸ் பக்கமிருந்த வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில், வாயை ஒட்டவைத்துக் கத்தினால் கேட்கும்.

திங்கட்கிழமை காலை கஞ்சி கொடுக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எத்தினி லட்சம் அடிச்சிருப்பேன் வனஜா. அது இன்னான்னே தெரியாம போறேனே. எதுக்கோசரம் என்னைப் படைச்சான்?"

"அதெல்லாம் பெருமாளுக்குத் தெரியும். நீ அவரு பேரைச் சொல்லு" என்று அத்தை பொன்னியம்மா அவர் காதில் கத்தினாள்.

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிலயே" என்றார் வேம்புலி.

வனஜா சொல்லி முடிக்கும் வரை பார்த்தசாரதி அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பஸ்ஸுக்கும்மா. பாடி கட்ற எடத்துக்குப் போகுது. பஸ் நடுவுல நிக்கிறவங்க பிடிச்சிக்கக் கம்பி இருக்கு பாரு, அதைத் தரையோட சேர்த்து இறுக்கறது இதான். மேலே பெயின்ட் அடிச்சிடுவாங்க. யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க." சற்று நிறுத்தினார். "நான் வந்து ஆறு வருஷமாச்சு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஒரு வார்த்தை கேக்கலையேம்மா."

அவள் தகட்டை எடுத்து முடிந்துகொண்டாள். "உத்தமா, கூடப் போய் பஸ் ஏத்தி விட்டுட்டு வா" என்றார் அவர். அவள் படி இறங்கும்போது டீ அப்படியே இருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தார்.

ரயில்கள் ஓடாத வாரம் அது. நாடெங்கும் ரயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய கூட்டமெல்லாம் பஸ்ஸுக்கு வந்திருந்தது. ஒரு பஸ் நிற்காமலே போயிற்று. அடுத்ததற்கு உத்தமன் நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றான்.

"டேய் சாவுகிராக்கி! ஊட்ல சொல்ட்டு வந்துட்டியா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ஊட்ல ஒருத்தர் போய்கினு கீறாருப்பா. இந்தப் பொண்ணை ஏத்திக்க."

டிரைவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டிருந்த இருவரைக் கீழே இறக்கி, அவளை ஏற்றி, மறுபடி அவர்களை ஏற்றினார். "உள்ள போம்மா. உள்ள போய் கம்பியைப் புடிச்சிக்க" என்றார்.

அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே குனிந்து பார்த்தாள். கால்களும் கூடைகளும்தான் தெரிந்தன.

"இன்னாம்மா தேடற? எதுனா வுழுந்துட்ச்சா?" என்றாள் கீரைக்காரி.

"இல்லக்கா. கூடையைக் கொஞ்சம் நகத்து."

கூடை நகர்ந்தது. கம்பியின் அடியில் அந்த வட்டம் இருந்தது. பச்சைப் பெயின்ட் பூசி, சேறு அப்பியிருந்தது; யாரோ ஒருவரின் கால் கட்டைவிரல் அதன்மேல் ஊன்றியிருந்தது. மூன்று ஸ்க்ரூக்கள். வனஜா நிமிர்ந்தாள். அதே கம்பியில் அவள் கைக்கு மேலும் கீழும் ஐந்தாறு கைகள் இருந்தன. வளைவில் பஸ் சாய்ந்தது. எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள், திரும்ப நிமிர்ந்தார்கள். கீரைக்காரி டிரைவரைத் திட்டினாள். யாரோ சிரித்தார்கள். அவள் இறங்க வேண்டிய மேனாம்பேடு வந்துவிட்டது.

வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நேரம் நெருங்கிவிட்டதென்று அவர்கள் வழி விட்ட விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அத்தை தரையில் சம்மணமிட்டு, தம்பியின் தலையைத் தொடைமேல் வைத்து, இடது காதோடு வாயை ஒட்டி "கோவிந்தா, கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அமாவாசை தவறாமல் திருவள்ளூர் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவள். விடியற்காலை தொடங்கிச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போயிருந்தது. செவிட்டுக் காதுக்காகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததே, அதனால்.

"எங்கடி போன? மூச்சு மாறிட்ச்சி" என்றாள். "இப்டி வா. நீ சொல்லு, நா போய் தீர்த்தம் எடுத்தாறேன். வாயை எடுக்காத. கடேசியா அந்தக் காதுல வுழறது அவரு பேராத்தான் இருக்கணும். அதுக்கோசரம்தான் உசுரைக் குடுத்துகினு கீறேன்."

தலை கைமாறியது. அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

வனஜா குனிந்தாள். காதில் துளசியும் வியர்வையும் மணந்தன. "கோவிந்தா" என்றாள். "கோவிந்தா." அப்பாவின் கண்கள் பாதி மூடியிருந்தன. நெஞ்சு ஏறியது. வெகு நேரம் கழித்து இறங்கியது. அடுத்தது வருமா என்று தெரியவில்லை. உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. இருப்பது ஒரு காது. அதற்கும் எத்தனை சொல்லுக்கு இடமிருக்கிறதோ. அத்தை சொன்னது தப்பென்று அவளுக்குத் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து அவளும் அதையே நம்பி வளர்ந்தவள்தான்.

"பஸ்ஸு நைனா!" என்று கத்தினாள்.

வாசலில் பேச்சு நின்றது.

"நைனா, பஸ்ஸு! நீ அடிச்சது பஸ்ஸுக்கு! பஸ்ஸுல கம்பியை நிக்க வைக்கிறது நைனா! நா பாத்தேன்!"

இமைகள் அசைந்தன. கண் திறந்து அவள் முகத்தைத் தேடியது. உதடு ஒட்டியிருந்தது, ஈரத்துணியால் தொட்டாள்.

"யாரு... புடிப்பாங்க?"

"எல்லாரும் நைனா. நின்னுகினு வர்றவங்க எல்லாரும். நானும் புடிச்சிகினுதான் வந்தேன்."

அவர் யோசிப்பது போல இருந்தது. கணக்குப் பார்க்கிறவரைப் போல நெற்றி சுருங்கி, பிறகு விரிந்தது.

"வுழ மாட்டாங்க... இல்ல?"

"வுழ மாட்டாங்க நைனா."

நெஞ்சு இறங்கியது. அவள் காத்திருந்தாள். அது ஏறவில்லை.

அத்தை சொம்போடு ஓடி வந்து, அவளைத் தள்ளிவிட்டு அந்தக் காதில் விழுந்தாள். "கோவிந்தா! டேய் வேம்புலி, கோவிந்தா! கேளுடா!" குரல் உடைந்து காற்றாக வந்தது. தீர்த்தம் உதட்டோரமாக வழிந்து கழுத்தில் இறங்கியது. சற்று நேரத்தில் அவளும் நிறுத்திக்கொண்டாள். நிமிர்ந்து வனஜாவைப் பார்த்தாள்.

"பெருமாள் பேரு போற காதுல பஸ்ஸுன்னு கத்துனியேடி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானத்துக்குள் கோவில்பதாகையிலிருந்து வனஜாவின் புருஷன் கன்னியப்பன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிச் சட்டி அவன் கைக்குத்தான் வந்தது. பந்தல் போட்டார்கள். மேளக்காரர்கள் வந்து மேளத் தோலுக்குச் சூடு காட்டினார்கள். பார்த்தசாரதி மாலையோடு வந்து, போட்டுவிட்டு, கால்மாட்டில் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். வனஜா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அப்பா கேட்டதைக் கொடுத்தோமா, அவருக்குக் கிடைக்க வேண்டியதைத் தட்டிப் பறித்தோமா என்று தெரியாமல், தாடைக்கட்டின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த பெண்கள் ஒவ்வொருவராக அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எதிர்வீட்டுக் குப்பம்மா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "கஷ்டப்படாம போச்சாக்கா? கடேசில காதுல அவரு பேரு வுழுந்துச்சா?"

வனஜா தாடைக்கட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். பஸ் என்று அவள் கத்தியதை வாசலில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டிருந்தார்கள். குப்பம்மா காதுக்கும் எட்டாமலா இருக்கும்?

அத்தை முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"வுழுந்துச்சி" என்றாள்.

"யாரு சொன்னது?"

"அவம் பொண்ணுதான் சொன்னா."

குப்பம்மா வனஜாவின் தலையைத் தடவி, "புண்ணியவதி" என்று சொல்லிவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். அத்தை பிணத்தின்மேல் உட்கார்ந்த ஈயை விசிறியால் ஓட்டினாள். வனஜா அப்போதுதான் அழுதாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது எடுத்தார்கள். மேளச் சத்தம் தெருமுனை திரும்பி, சிறுத்து, நின்றது. பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தலை முழுக ஒவ்வொருவராகப் பின்கட்டு அடிபம்புக்குப் போய் வந்தார்கள். கடைசியாக வனஜா போனாள்.

பம்பு இறுகிப்போனது. இரண்டு கையாலும் அடித்தால்தான் வரும். அடித்துக்கொண்டே தலையைக் காட்ட முடியாது. அவள் பிடியில் கையை வைத்து நின்றாள். ஈரப்புடவையோடு அத்தை வந்து அவள் கையை விலக்கினாள். உட்கார் என்று மோவாயால் காட்டினாள்.

வனஜா குழாய்க்கு அடியில் குந்தினாள். முதலில் துருக்கலங்கல் வந்தது. பிறகு தெளிந்து, தலையில் விழுந்து, முதுகில் வழிந்து, கல்மேல் ஓடியது. அவள் முடியைப் பிழிந்து எழுந்திருக்கப் பார்த்தாள். அத்தை ஒரு கையால் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.