வார் பட்ட இடம்

மகள் குளித்துவிட்டு வந்ததும் துவட்டிவிடும் சாக்கில் அவள் உடம்பு முழுக்கத் தேடுவது, பசை அக்காவுக்கு நான்கு மாதமாக அன்றாட வேலை. காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில், இடுப்பில். "கூச்சமா இருக்கும்மா, என்னத்த தேடுற?" என்று ஏழு வயதுக்காரி நெளிவாள். "அழுக்குடி." அவள் தேடியது வெள்ளையை. இன்று அது கிடைத்துவிட்டது. வலது பாதத்தின் மேல், விரல் அகலத்தில், சாய்வாக ஒரு வெளுத்த கோடு.

செருப்புப் பட்டறையில் வைத்த பெயர்தான் பசை அக்கா. பசையைத் தூரிகையால் தடவினால் ஒரு நாளைக்கு இருபது ஜோடி, விரலால் தடவினால் முப்பது. பதினோரு வருடமாக அவள் தூரிகையைத் தொட்டதில்லை. நான்கு மாதம் முன்பு வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுக்கத் தொடங்கின. வெட்டுக்காயம் என்று துணி சுற்றிக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், வேறு வழி தெரியவில்லை. அவளுடைய அத்தைக்கும் வெண்புள்ளி இப்படிக் கையில்தான் ஆரம்பித்தது. அத்தை தொட்ட தண்ணீரை வீட்டில் யாரும் குடித்ததில்லை. கல்யாணம் என்ற பேச்சே எழாமல் போய்ச் சேர்ந்தாள். அந்த ரத்தம் தன் வழியாகப் பிள்ளைக்கும் இறங்கிவிட்டது என்று பசை அக்கா முடிவே கட்டிவிட்டாள். பட்டறைக்கு விடுப்புச் சொல்லாமலே மகளை இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டரம்மா நிதானமானவர். "பயப்படாதீங்க. தொட்டா ஒட்டுற நோயில்ல இது. குடும்பத்துல இருந்தா பிள்ளைக்கும் வந்தே தீரும்னும் இல்ல. நம்ம உடம்பே நிறம் தர்ற செல்ல எதிரின்னு நெனச்சு அழிக்கிறது ஒரு வகை. அது பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும், பரவும். ஒரு பக்கம் மட்டும் வந்து, கொஞ்ச நாள்ல அப்படியே நின்னுடுறது இன்னொரு வகை."

ஒரு பக்கம்தான், ஒரு பக்கம்தான் என்று அவள் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தபோதே டாக்டரம்மா இடது பாதத்தைத் தூக்கினார். அங்கும் அதே கோடு. காலையில் வலதைப் பார்த்த பயத்தில் அவள் இடதைப் பார்க்கவே இல்லை.

அறையை இருட்டாக்கி நீல விளக்கைப் பிடித்து உடம்பெல்லாம் பார்த்தார் டாக்டரம்மா. "வேற எங்கயும் இல்லையே. உங்க கையில என்ன கட்டு?"

"வெட்டுக்காயம்."

"பொய், டாக்டர். அம்மா விரலும் வெள்ளையாத்தான் இருக்கு. நான் பாத்திருக்கேன்."

துணியை அவிழ்த்த டாக்டரம்மா, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். அவள் சொன்னாள். அவர் சற்று யோசித்துவிட்டு, "பாப்பா, வெளிய கழட்டிப்போட்ட உன் செருப்ப எடுத்துட்டு வந்து மாட்டு" என்றார்.

பட்டறையில் மிஞ்சிய வாரில் மகளின் பிறந்தநாளுக்கு அவளே செய்த செருப்பு. கடைக்குப் போகிற செருப்பு வாருக்குப் பசை ஒரு பூச்சு. இதற்கு மட்டும், உழைக்கட்டும் என்று, மூன்று பூச்சு. பிள்ளையும் தூங்கும்போதுதான் கழற்றுவாள். வார் அந்த வெள்ளைக் கோட்டின் மேல் இம்மி பிசகாமல் போய் உட்கார்ந்தது.

"இந்த மாதிரி பசையில இருக்கிற சில ரசாயனமும் நிறத்தக் கொல்லும். அதுவாத்தான் தெரியுது. செருப்ப விட்டுடுங்க, பசையையும் தொடாதீங்க. நிறம் திரும்பலாம். சிலருக்கு விட்டப்புறமும் பரவும். மூணு மாசம் பாப்போம்."

ரத்தத்தில் வந்ததில்லை என்ற நிம்மதி வாசல் வரைகூட வரவில்லை. அத்தையைக் குறை சொல்லலாம், தலையெழுத்தைக் குறை சொல்லலாம். இந்தக் கையை என்ன சொல்வது?

வெளியே சிமெண்டுத் தரை கொதித்தது. செருப்பில்லாத மகள் ஒற்றைக்காலில் மாறி மாறிக் குதித்துவிட்டு, "சுடுதும்மா, தூக்கு" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். பசை அக்கா குனிந்தாள். வெளுத்த இரண்டு விரல்களையும் உள்ளங்கைக்குள் இறுக மடக்கிக்கொண்டு, மீதி விரல்களால் பிள்ளையைத் தூக்கினாள்.