ஐந்து மீனுக்கு ஒரு முள்

1

காதலிலிருந்து பிறந்த கதை இது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் ஒரு சட்டத்திலிருந்து பிறந்தது. மின்னசோட்டாவில் எங்கள் ஏரியில் குடைத் தூண்டில் போடலாம்: குடைக்கம்பிபோல விரியும் ஐந்து கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ரப்பர் மீன், படகு மெல்ல இழுத்துக்கொண்டு போகும். ஆனால் ஒரு மீனில்தான் தூண்டில் முள் இருக்கலாம். மற்ற நாலும் வெறும் வேஷம்.

2

"மூடுபனி விலகியபோது ஏரி ஒரு"

வேண்டாம். ஏரிக்கதை என்றாலே இந்த மூடுபனி வந்து தொலைக்கிறது.

மீன்வளக் காவலர் ஜோலீன், ரோந்துப் படகை வெர்லினின் படகோடு அணைத்து நிறுத்தினாள். வெர்லின் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் மனைவி ஆர்டிஸ், நடுங்கும் கைகளால் தூண்டிலைப் பிடித்திருந்தாள்.

"கோடை முழுக்க இழுக்குறேன் ஜோலீன், ஒண்ணுகூடக் கடிக்கல. இந்த மனுஷன் படகு ஓட்டுற லட்சணம் அப்படி!"

"மீனுக்கெல்லாம் ஸ்கூல் லீவு விட்டாச்சு, அதான்," என்றார் வெர்லின்.

ஜோலீன் சிரித்துக்கொண்டே தூண்டிலை மேலே எடுத்தாள். பக்கத்து மாநிலத்தில் மூன்று முள் வரை செல்லும். அங்கே வாங்கியதை அப்படியே இங்கே போட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ஒவ்வொரு மீனாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றில்கூட முள் இல்லை.

வெர்லினின் முகம் வெளுத்தது. மனைவிக்குத் தெரியாமல் தன் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். போன வருஷம் ஆர்டிஸின் விரலில் முள் ஏறி, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தது ஊருக்கே தெரியும்.

3

(இவ்வளவு நல்லவனா ஒரு கணவன்? எனக்கே சந்தேகம் வந்து, அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கப் பார்த்தேன். "வெர்லினுக்குப் பொறுமை என்பதே" – கை வரவில்லை. யோசித்தால், இந்த நல்லதனமே போதுமான குற்றம். அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சந்தோஷம் மீன்பிடிப்பது. முள்ளைக் கழற்றி, அதிலிருந்து மீனையே எடுத்துவிட்டார் பாவி.)

4

"சட்டப்படி சரியா இருக்கா?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

முதல் முடிவு: "சரிதாம்மா" என்று ஜோலீன் சொல்லிவிட்டுப் போகிறாள். பொய்யும் இல்லை.

இரண்டாவது: உண்மையைச் சொல்கிறாள், ஆர்டிஸ் உடைந்து அழ... அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது, நான் நினைக்காமலே வந்தது. வெர்லின் எஞ்சின் பக்கம் திரும்பி, அதைக் கிளப்பக் கயிற்றை இழுக்கிறார். அந்த இரைச்சலில் ஆர்டிஸ், ஜோலீனின் காதருகே குனிகிறாள்.

"முள் இல்லன்னு எனக்குத் தெரியும்டி. ஜூன்லயே தடவிப் பாத்துட்டேன். கேட்டா, கூட்டிட்டு வர்றதையே நிறுத்திடுவாரு. பயந்த ஆளு. உன் பைல முள் இருக்கும்ல? ஒண்ணே ஒண்ணு குடு. சாகறதுக்குள்ள ஒரு தடவ, இந்தத் தூண்டில் நூல் வெடுக்குன்னு இழுபடணும்."

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. ஒரு முள்ளுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்கோ அவள் விரலும் கண்ணில் படுகிறது, அவள் முகமும் கண்ணில் படுகிறது. வெர்லின் எந்த நொடியும் திரும்பிவிடுவார்.

கொடுக்கலாமா, சொல்லுங்கள். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.