இரண்டு விரல் பஞ்சு

பரிசோதகர் என் ஹெல்மெட்டின் பட்டையை இழுத்துப் பார்த்தார், உள்ளே ஒட்டியிருந்த தயாரிப்புத் தேதியைப் படித்தார், வாடகைக்கு எடுத்திருந்த தோல் சூட்டின் முதுகைத் தட்டிப் பார்த்தார், பூட்ஸை வளைத்துப் பார்த்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. மணி எட்டு இருபது. பரிசோதனை மேசையை ஒன்பதுக்கு மூடிவிடுவோம் என்று ஒரு வாரம் முன்பே மெயிலில் எழுதியிருந்தார்கள். டிராக்கில் முதல் ஓட்டம் ஒன்பதரைக்கு.

பரிசோதகர் பெயர் ஜபீன். முப்பது வயதிருக்கும். அவரும் பைக் ஓட்டியவர்தான் என்பது என் வண்டியின் செயினைத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"இடது கைய நீட்டுங்க அண்ணே."

நீட்டினேன். கிளவுஸுக்கு மேலேயே கட்டைவிரல் தொடங்கி ஒவ்வொரு விரலாக அழுத்திக்கொண்டு வந்தவர், மோதிர விரலில் நின்றார். மறுபடி அழுத்தினார். சுண்டுவிரலையும் அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள விரல் இல்லியே."

"உள்ள பஞ்சுதான் அக்கா," என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி கவிப்பிரியா. "நான்தான் வச்சி தச்சேன். இலவம்பஞ்சு. வலது கைய அளவு பாத்து."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகடு வெட்டும் பிரஸ்ஸில் அந்த இரண்டு விரல்களும் போய் நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகும் புதுவாயலிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, தினமும் இதே வண்டியில்தான் போய் வருகிறேன். ஓட்டுவதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. டிராக்கில் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்று பெயர் கொடுத்தபோதும் பயமில்லை. அவர்கள் அனுப்பிய விதிகளைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் போட்டேன். பத்து விரல் இருக்க வேண்டும் என்று எங்குமே எழுதவில்லை. ஆனாலும் கையைப் பார்த்ததும் "நீங்க வேணாம் சார்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அந்த வாக்கியத்தை வேறு வேறு இடங்களில் கேட்டவன் நான். அதனால்தான் பஞ்சு.

"நாலு வருஷமா ஓட்றேன் மேடம். ஒரு வாட்டி கூட வுழல."

"கிளவுஸ் போட்டுக்கினா?"

வெறுங்கையோடுதான் ஓட்டியிருக்கிறேன். புதுக் கிளவுஸை வீட்டில் போட்டுப் பார்த்து, விரல்கள் நிஜம் மாதிரியே இருக்கின்றன என்று இருவரும் சிரித்ததோடு சரி. வண்டியோ லோடு ஆட்டோவில் வந்திருந்தது.

ஜபீன் என் வண்டியின் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினார். "ஸ்டார்ட் பண்ணுங்க. க்ளட்ச்சைப் புடிச்சி ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. புடிச்ச புடியிலயே பின் பிரேக்க மிதிங்க."

மிதித்தேன். சக்கரம் நின்றது. கூடவே இன்ஜினும் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. குனிந்து பார்த்தால், பஞ்சு அடைத்த இரண்டு விரல்களும் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கின்றன. லீவர் பாதி தூரம்தான் வந்திருந்தது; க்ளட்ச் முழுசாக விடுபடவில்லை.

"ரேஸ் ஓட்றவனே ரெண்டு விரல்லதான் க்ளட்ச் புடிப்பான்," என்றார் ஜபீன். "உங்க விரல் இல்லாதது எனக்குப் பிரச்சினையே இல்ல அண்ணே. உங்க பஞ்சுதான் பிரச்சினை."

"அப்ப பஞ்ச எடுத்துடறேன்."

"காலியா தொங்கினாலும் வுட மாட்டேன், லீவர்ல மாட்டும். வெட்டிட்டு ஓட்டையோட வந்தாலும் வுட மாட்டேன். உள்ள மடிச்சி, மூடித் தச்சி எடுத்துக்கினு வாங்க. ஒம்போது வரிக்கும் இங்கதான் இருப்பேன்."

சூட் வாடகைக்கு விடும் மணிகண்டனின் வேனில் கோணி ஊசியும் மெழுகு நூலும் இருந்தன. கவிப்பிரியா வேன் படியில் உட்கார்ந்து, தான் போட்ட தையலைத் தானே பிளேடால் அறுத்தாள். மூன்று ராத்திரி தைத்தது. நகம் இருக்கும் இடத்தில் லேசாகத் தட்டையாக வருகிற மாதிரி தைத்திருந்தாள்.

"அண்ணி, வேன்ல இருக்கற ஒரு சூட்லயும் ரெண்டு எடத்துல பிஞ்சிக்கீது. கையோட ரெண்டு தையல் போட்டுட்டுப் போங்க," என்றான் மணிகண்டன்.

"கூலி குடுப்பியா?"

"டீ வாங்கித் தரேன்."

"உன் டீய நீயே குடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ நல்லாத்தான் தச்சிருந்த," என்றேன். "கொஞ்சம் பஞ்சக் கொறச்சி வச்சா போதும்னு நெனக்கிறேன். கேட்டுப் பாக்கட்டா?"

அவள் பிளேடை நிறுத்தினாள். என் விரல் போன அந்தப் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தகட்டை வெட்டும் டை கீழே இறங்கும். கை உள்ளே போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. வேலை வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு பட்டன் அழுந்தியே இருக்கும்படி நான்தான் குச்சி செருகி வைத்திருந்தேன். கம்பெனி விசாரணையில் பட்டன் தானாகவே அழுந்தி மாட்டிக்கொண்டது என்றேன். கவிப்பிரியாவிடம் மட்டும், ஆஸ்பத்திரியில், உண்மையைச் சொன்னேன்.

"அங்க குச்சி வெச்சது நீ," என்றாள் அவள், தலை நிமிராமல். "இங்க பஞ்சு வெச்சது நானு. போதும் மாமா."

பஞ்சை எடுத்துவிட்டு, காலி விரல்களை உள்ளே மடித்துத் தைக்கத் தொடங்கினாள். தோல் தடிமனாக இருந்ததால் ஊசி பாதியிலேயே நின்றது. அவள் குத்த, நான் குறட்டால் பிடித்து இழுத்தேன். அவள் சொன்னபோது மட்டும் இழுத்தேன். இரண்டு வரிசைத் தையல். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தபோது எட்டு ஐம்பத்திரண்டு.

கிளவுஸைப் போட்டேன். என் கை எப்படியோ அப்படியே இருந்தது அதுவும். மடியிலிருந்த பஞ்சை உதறிவிட்டு அவளும் எழுந்து என்னோடு நடந்தாள். வண்டி வரிசைகளுக்கு நடுவே ஐம்பது பேரைத் தாண்டி மேசைக்குப் போக வேண்டியிருந்தது. இடது கையை ஹெல்மெட்டுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தேன். அவள் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள்.

ஜபீன் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். உள்ளே விரல் விட்டு முடிச்சு குத்துகிறதா என்று தடவினார். மறுபடி ஸ்டாண்டு, மறுபடி ஃபர்ஸ்ட் கியர். லீவர் கைப்பிடியைத் தொடும்வரை வந்தது. பின் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஹெல்மெட்டில் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "இந்தத் தையலும் இவங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம், என் பொண்டாட்டி."

"ஃபோன் நம்பர் குடுத்துட்டுப் போங்க," என்றார் அவளிடம். "தைக்க வேண்டிய கிளவுஸ் நெறைய வருது."

ஒன்பது இருபத்தைந்துக்கு ஓட்டுபவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். முன்னால் ஏழு வண்டி, பின்னால் எத்தனை என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஆரஞ்சு சட்டை போட்ட, டிராக்கைக் கவனிக்கும் மார்ஷல் ஒருவர் ஒவ்வொருவரிடமும் வந்து, தாடைப் பட்டையை ஒரு இழு, கிளவுஸின் மணிக்கட்டுப் பட்டையை ஒரு இழு இழுத்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார். என்னிடம் வந்தார். வலது கைப் பட்டையை இழுத்தார். இடது கையைப் பிடித்தார். விரல்களை அவர் பார்க்கவே இல்லை. பட்டை தளர்வாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கினார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பின்னால் நின்றவனின் கையைப் பிடிக்கப் போனார்.