கரண்ட் வண்டிக்கு ஓர் உறுமல்

அண்ணா, கரண்ட் வண்டி வேகமா, பெட்ரோல் வண்டி வேகமா என்று போன வாரம் போனில் கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, இவளுக்கு அங்கே ஏதோ சரியில்லை என்று அப்போதே கண்டுபிடித்திருப்பாள். அவள் நினைத்தது சரிதான்.

நான் மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கூட்டிப்போகும் வண்டி ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். அந்த வேலை அப்போது நிலைத்திருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பரீட்சை வைத்திருந்தார்கள். அதில் தேறாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருக்க அனுமதியும் இல்லை.

எங்கள் மேற்பார்வையாளரைத் தாடி என்றுதான் கூப்பிடுவோம், அவர் காதுக்கு எட்டாத இடத்தில். பரீட்சையன்று தாடி ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, முன்சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் குழியில் வைப்பார். பின்சீட்டில் நிஜமான நோயாளி இருப்பார். வழியில் ஒரு சொட்டும் சிந்தக்கூடாது. போய்ச் சேர்ந்ததும் தாடி டம்ளரை எடுப்பார். ஓட்டியவர் தேறிவிட்டால் தண்ணீரைத் தானே குடித்துவிடுவார். தேறாவிட்டால் சன்னலைத் திறந்து வெளியே கொட்டிவிடுவார். அதற்குமேல் பேச்சே கிடையாது.

பெட்ரோல் வண்டியாக இருந்தவரை எனக்குப் பயமில்லை. நான் ஓட்டினால் பின்னால் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள். பிறகு கம்பெனி எல்லா வண்டியையும் மாற்றியது. கரண்ட் வண்டியில் சிக்னல் பச்சையானதும் வழக்கம்போல ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வண்டி தவளை மாதிரி தாவியது. பின்னால் கழுத்தில் ஆபரேஷன் ஆகிப் பட்டை போட்ட ஒரு கணக்கு வாத்தியார். "அம்மாடி" என்றார். திட்டவில்லை. ஆனால் அடுத்த சிக்னலிலிருந்து முன்சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன்.

"வண்டி வேகமா போறது ஒரு குத்தமாடி?"

"வேகமா போகட்டும் சித்தி. சொல்லாம கொள்ளாம போகுது."

"உங்க சித்தப்பா மாதிரின்னு சொல்லு."

சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சார்ஜ் போடுவதற்காக வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர எங்களுக்கு அனுமதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை சித்தி தன் பழைய பெட்ரோல் வண்டியை எடுத்துக்கொண்டாள். மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் வாகன நிறுத்தத்துக்குப் போனோம். இரண்டு வண்டியையும் ஒரே கோட்டில் நிறுத்தி, இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் வைத்தோம். கடைசி விளக்குக் கம்பம்தான் எல்லை.

சித்தி இரண்டாவது கியர் போடும்போது நான் கம்பத்தடியில் இருந்தேன். தண்ணீர் என் மடியில் இருந்தது. பின்னாலேயே வந்து நிறுத்திய சித்தி என் சுடிதாரைப் பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டே. குளிச்சும் முடிச்சிட்டே."

நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் அண்ணா. பெட்ரோல் வண்டியில் மிதித்தால் முதலில் எஞ்சின் சுற்று ஏற வேண்டும், நடுவில் கியர் மாற வேண்டும். இழுவை விட்டுவிட்டுத்தான் வரும். கரண்ட் வண்டியில் கால் பட்ட உடனே முழு இழுவையும் வந்துவிடுகிறது. நீளமான சாலையில் நல்ல பெட்ரோல் வண்டி துரத்திப் பிடிக்குமோ என்னவோ, நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் பக்கத்தில்கூட வராது.

பிறகு வண்டியை மாற்றிக்கொண்டோம். சித்தி ஜென்மத்தில் கரண்ட் வண்டியைத் தொட்டதில்லை. ஏறியதும் முதலில் ரேடியோவைத்தான் போட்டாள். கம்பம்வரை போனாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. நானோ அவளுடைய பெட்ரோல் வண்டியைக் கிளப்பத் தெரியாதவள்போலக் குலுக்கி நிறுத்தினேன், அதுவும் இரண்டு தடவை. அதில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது, எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. அணைக்கிற பொத்தான் உடைந்து மாசக்கணக்காகிறது.

"எப்படி சித்தி சிந்தாம ஓட்டினீங்க?"

"எப்படின்னா? மிதிச்சேன், போச்சு. முதுகு சீட்டுல அழுந்தினா காலைத் தளர்த்தினேன்."

"சத்தம் எதுவும் கேக்காம எப்படித் தெரியும்?"

"ஓட்டல் போர்வையெல்லாம் துவைக்கிற மெஷின் சத்தத்தை நாள் பூரா கேக்கறேன். வண்டியிலயும் வந்து கேக்கணுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீட்டரைப் பார்க்காதே, எஞ்சினைக் கேள் என்று நீ சொல்லிக்கொடுத்தாய் இல்லையா? நான் இத்தனை நாளும் காதால்தான் ஓட்டியிருக்கிறேன். கால், காதின் உத்தரவுக்குக் காத்திருந்திருக்கிறது. கரண்ட் வண்டியில் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று கால் இன்னும் மிதித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் முதுகால் ஓட்டப் பழக எனக்கு வராது. அதனால் வண்டிக்குச் சத்தத்தை நானே கொடுத்தேன். வாயால். நம் வீட்டு வண்டி மாதிரியே அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, உறுமல் எவ்வளவோ அவ்வளவு மட்டும் மிதித்தேன். கிளம்பும்போது அருமையாகப் போனது. கொஞ்ச தூரத்தில், கியர் மாற்றுகிற இடம் வந்ததும் உறுமலை நிறுத்தினேன், பழக்கத்தில் காலும் மேலே வந்துவிட்டது. காலை எடுத்தால் தானே பிரேக் பிடிக்கிற வண்டி இது. மறுபடியும் மடியில் தண்ணீர்.

"இதுக்கு ஏதுடி ரெண்டாவது கியர்?" என்றாள் சித்தி. "மூச்சைப் பிடிச்சு ஒரே இழுப்பா இழு."

வியாழன்வரை இழுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று சித்தப்பாவிடம் விசாரித்தாராம்.

வெள்ளிக்கிழமை பின்சீட்டுக்கு வந்தவர் அதே கணக்கு வாத்தியார். என்னைப் பார்த்ததும், உட்காருவதற்கு முன்பே முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். தாடி டம்ளரை வைத்தார். எனக்கு அந்தத் தண்ணீரையே எடுத்துக் குடித்துவிடலாமா என்றிருந்தது.

முதல் சிக்னலில் மெல்ல உறுமினேன். வண்டி நகர்ந்தது தெரியாமல் நகர்ந்தது.

"என்ன முனகறே, வயித்து வலியா?" என்றார் தாடி.

"இல்ல சார். வண்டிக்குச் சத்தம் இல்ல. நான் குடுக்கறேன்."

அவர் டம்ளரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமலே பெரிய சாலை வந்துவிட்டது. அங்கே மெதுவாகப் போக முடியாது, ஓடுகிற லாரிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். உறுமலை ஏற்றினேன், வண்டியும் ஏறியது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. கால் இன்னும் மிதிக்கப் பார்த்தது, மூச்சு முடியப் போனது. அப்போது பின்சீட்டிலிருந்து இன்னொரு உறுமல் கேட்டது. கழுத்துப்பட்டைக்குள்ளிருந்து, கட்டையான குரலில், வாத்தியார்.

"நீ மூச்சு வாங்கிக்கம்மா. நான் புடிச்சிருக்கேன்."

அவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே லாரிக்கு முன்னால் நுழைந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

மருத்துவமனை வாசலில் தாடி டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெளிப்பக்கம் ஒரு சொட்டு வழிந்த தடம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு கை சன்னல் பொத்தான்மேல் இருந்தது.

"என்ன சார் யோசனை?" என்றார் வாத்தியார், இறங்கிக்கொண்டே. "அந்த ஒரு சொட்டு என் கணக்கு. லாரிகிட்ட நான் கொஞ்சம் சுருதி தப்பிட்டேன்."

தாடி பொத்தானிலிருந்து கையை எடுத்தார். டம்ளரை வாயில் வைத்து, ஒரே மூச்சில் குடித்தார்.

அம்மாவிடம் சொல்லிவிடு அண்ணா. தொண்டை மட்டும்தான் கட்டியிருக்கிறது, வேறொன்றும் இல்லை.