பன்னிரண்டு அடிப் பாதை

காலாற நடப்பதற்கு விலை தலைக்கு நூற்றைம்பது ரூபாய் என்று காதில் விழுந்த அன்றைக்கே கொளஞ்சிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குகிறவன் ஒன்று கிறுக்கனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு எதையோ வாங்க வந்தவனாக இருக்க வேண்டும். முப்பது வருஷ முந்திரிக்கொட்டை வியாபாரத்தில் அவர் கிறுக்கர்களை ரொம்பக் குறைவாகத்தான் பார்த்திருந்தார்.

காடாம்புலியூரைத் தாண்டி உள்ளே போனால் புளியங்கொல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே அவருடைய கடை. மாசியில் ஒரு ஞாயிறு, பங்குனியில் ஒரு ஞாயிறு, காலை டவுன் பஸ்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கடலூர்க்காரர்களும் சிதம்பரத்துக்காரர்களும். தொப்பி, தண்ணீர் பாட்டில், முதுகில் பை. இறங்கியவர்கள் கோயிலுக்குப் போகவில்லை, கல்யாணத்துக்குப் போகவில்லை. முந்திரிக் கொல்லைகளுக்குள் நுழைந்து நடந்தார்கள். பத்தரை மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

"எல்லாரும் கார் வச்சிருக்கறவங்களாம். கார்ல வரக்கூடாதுன்னு சட்டம் போட்டுக்குனு பஸ்ல வராங்களாம்" என்றார் மனைவி விருத்தாம்பாளிடம்.

"நீ வண்டிய வச்சிக்குனு பெட்ரோல் போடாம ஊர்க்காரன் பின்னாடி தொத்திக்குனு போறியே, அத மாதிரிதான்."

"வெளயாடாத. கார்ல வந்தா நம்பர் தெரிஞ்சிபுடும். பஸ்ல வந்தா எவனுக்குத் தெரியும்? இது நெலம் எடுக்கற கூட்டம்."

"எடுத்தா காசு குடுப்பான். உனக்கு ஏன் வேர்க்குது?"

வேர்த்ததற்குக் காரணம் அவளுக்கும் தெரியும். கொளஞ்சியின் கொல்லை பத்திரத்தில் இரண்டு ஏக்கர். வேலிக்குள் இரண்டு ஏக்கர் எட்டு சென்ட். பத்து வருஷத்துக்கு முன்னால், மாட்டு வண்டிகள் ஓய்ந்து ஊரின் பழைய வண்டிப்பாதையில் புல் முளைத்தபோது, கொளஞ்சியின் முள்வேலி ஒரு மழைக்காலத்தில் சத்தமில்லாமல் பன்னிரண்டு அடி தள்ளிப்போய் நின்றது. அந்த எட்டு சென்ட்டில் இன்றைக்குப் பதினோரு முந்திரி மரம் காய்க்கிறது. எவன் நிலத்தை அளக்க வந்தாலும் சரி, முதலில் பல்லிளிக்கப்போவது அந்த எட்டு சென்ட்தான்.

சித்திரை முதல் ஞாயிறு, மூன்றாம் முறையாக அவர்கள் இறங்கியபோது கொளஞ்சி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நிறுத்தத்திலேயே நின்றார்.

கூட்டத்துக்குத் தலைவி மாலதி. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள், நாற்பது வயது இருக்கும்.

"நானும் நடக்கலாமா? உள்ளூர்க்காரனுக்கு எவ்ளோ?"

"உள்ளூர்க்காரங்களுக்குக் காசில்லைண்ணே, சும்மா வாங்க. நூத்தம்பது வெளியூர்க்காரங்களுக்குத்தான். பஸ் டிக்கெட்டு, கேழ்வரகுக் கூழ், சுண்டல் எல்லாம் அதுல அடக்கம்."

சும்மா என்றதும் சந்தேகம் இரண்டு மடங்கானது. கொளஞ்சி பத்து ரூபாயை எடுத்து அவள் கையில் திணித்தார். நாளைக்கு ஒருத்தன், ஓசிக் கூழ் குடித்துவிட்டு ஒத்துக்கொண்டான் என்று சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

நடக்க ஆரம்பித்து கால் மைல்கூட ஆகவில்லை, முன்னால் போன பெரியவர் மேல் அவர் கண் நிலைத்தது. வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு, அறுபத்தைந்து வயது. மற்றவர்கள் குருவி பார்த்தார்கள், பழுத்து விழுந்த முந்திரிப் பழத்தை முகர்ந்தார்கள். பெரியவர் எதையும் பார்க்கவில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாகக் காலை எடுத்து வைத்தார். துணிக்கடைக்காரன் முழம் போடுகிற மாதிரி.

கொளஞ்சி ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பக்கத்தில் சேர்ந்தார். "சாருக்கு உத்தியோகம்?"

"ரிடையராயிட்டேன். பேரு லூர்துசாமி."

"எதுல இருந்து ரிடையரு?"

"சர்வேயர்."

கொளஞ்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எதுக்கு சார் நடக்கறீங்க?"

"சுகர். டாக்டர் நடக்கச் சொன்னாரு. போன வாரம் காட்டுமன்னார்கோயில் பஸ்ல போயி ஏரிக்கரையில நடந்தோம். அங்க வெயிலு ஜாஸ்தி."

எவ்வளவு பதமாகப் பொய் சொல்கிறான் என்று கொளஞ்சி மனதுக்குள் பாராட்டினார். முப்பது வருஷம் நிலம் அளக்கிற சங்கிலி இழுத்தவனுக்கு சர்க்கரை எங்கிருந்து வரும்?

கொல்லை வந்தது. கூட்டம் வேலியோரமாகத் திரும்பி, காரைமுள்ளும் பள்ளமுமாகக் கிடந்த இடத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. மாலதி செல்போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கொளஞ்சி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வரைபடத்தில் சிவப்புக் கோடு ஒன்று நேராக ஓடியது. அவருடைய கொல்லைக்குள்ளேயே ஓடியது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றைக்குக் கூழும் சுண்டலுமாகக் கதை முடிந்திருக்கும். கொளஞ்சியின் வாய் வியாபார வாய்.

"நில்லும்மா! எங் கொல்லைக்குள்ள இன்னாத்துக்குக் கோடு போட்டிருக்கீங்க? யாரு குடுத்த அதிகாரம்? அத்தினி பேரும் பாருங்க, நீங்கதான் சாட்சி!"

பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். அவர் கேட்டுக்கொண்டபடியே சாட்சியானார்கள்.

மாலதி திகைத்துப் போனாள். "நாங்க போட்டது இல்லைண்ணே. இது பழைய கிராம வரைபடம். இதுல இருக்கிற பாதையிலதான் நாங்க நடக்கறது. இங்க மட்டும் வேலி இருக்கேன்னு ஒவ்வொரு தடவையும் சுத்திப் போறோம். வரைபடம்தான் தப்போன்னு நினைச்சோம்."

"தப்பில்லம்மா" என்றார் லூர்துசாமி. அப்போதுதான் முதல் தடவையாக வேலியை நிமிர்ந்து பார்த்தார். "வண்டிப்பாதை. பன்னண்டு அடி. வேலிதான் எடம் மாறி நிக்குது."

ஒரு பையைத் திறந்து யாரோ செல்போனை எடுத்து வேலியைப் படம் பிடித்தார்கள். நிலம் எடுக்க வந்தவர்கள் என்று பயந்த ஆட்களுக்குத் தான் எடுத்த நிலத்தைத் தானே கூப்பிட்டுக் காட்டிவிட்டது கொளஞ்சிக்கு உறைத்தது.

"ரிடையரானவரு சார் நீங்க" என்றார் மெல்ல.

"ஆமா. அதனால திங்கக்கிழமைல எனக்கு வேலையே இல்ல. கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கற நாளு அது."

கொளஞ்சி தோளிலிருந்து துண்டை எடுத்தார். அவர் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் நாலு பேர் முன்னால் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. கொளஞ்சி துண்டை நீட்டினார். லூர்துசாமி ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு, சந்தைத் திடல்களை அளந்து தேய்ந்த மனுஷன், கூச்சமில்லாமல் கையை உள்ளே விட்டார்.

கொளஞ்சி இரண்டு விரலைப் பிடித்தார். வேலியை இரண்டு அடி உள்ளே தள்ளுகிறேன் என்று அர்த்தம்.

லூர்துசாமி ஐந்து விரலையும் பிடித்தார், மறுபடி ஐந்தையும் பிடித்தார், பிறகு இரண்டு. பன்னிரண்டு.

கொளஞ்சி மூன்று. லூர்துசாமி பன்னிரண்டு. கொளஞ்சி நாலு. அந்தப் பக்கம் ஐந்து, ஐந்து, இரண்டு. அளவுக்காரனிடம் பேரம் பேசுவது தராசிடம் கெஞ்சுவது மாதிரி இருந்தது. நெற்றி வேர்வை மூக்கில் இறங்கியது. பதினோரு மரமும் வேலியிலிருந்து ஆறு அடி தள்ளித்தான் நிற்கின்றன. ஆறு வரைக்கும் போகலாம். ஏழு என்றால் கோடாலி எடுக்க வேண்டும்.

அப்போதுதான் பேரத்துக்கு அவருக்குச் சரக்கு கிடைத்தது.

"சார், ஒரு ஞாயம் கேக்கறேன்" என்றார் வாய்விட்டு. "கார்ல வரக்கூடாதுன்னு நீங்களே சட்டம் வச்சிருக்கீங்க. வண்டி மாடும் ஊர்ல இல்ல. நடக்கற மனுஷனுக்கு எதுக்கு சார் பன்னண்டு அடி? படுத்து உருண்டா போவப்போறீங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாலதியும் சிரித்துவிட்டாள். லூர்துசாமி சிரிக்கவில்லை. ஆனால் துண்டுக்கு அடியில் அவர் கை ஐந்து விரலைப் பிடித்தது, பிறகு ஒன்றே ஒன்றைப் பிடித்தது.

"நடக்கறதுக்கு ஆறு போதும்" என்றார். "நான் விட்டுக் குடுக்கல. அது என் சொத்து இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம வரும்போது வேலி உள்ள தள்ளியிருக்கணும்."

"அடுத்த ஞாயிறா? ரெண்டு மாசம் ஆவுமே சார், ஆள் கூலி இன்னா விக்குது..."

"அப்ப நாளைக்கு திங்கக்கிழமை."

"இல்ல இல்ல, ஞாயித்துக்கெழமைக்குள்ள!"

பத்தரை மணி பஸ் வந்தது. கொளஞ்சி கூழும் சுண்டலும் உள்ளே போன வயிற்றோடு நிறுத்தத்தில் நின்றார். பேரத்தில் ஜெயித்தோமா தோற்றோமா என்று அவருக்கே பிடிபடவில்லை. ஆறு அடி போனது. பதினோரு மரம் தப்பித்தது. ஆனால் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆளை அவர் எந்த நாளும் நம்பியதில்லை. அந்தக் கிழவன் ஏன் ஆறுக்கு இறங்கி வந்தான்?

படியில் நின்ற மாலதி நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா எழுதற?"

"ஒவ்வொரு நடைக்கும் கணக்கு எழுதறதுண்ணே. அடுத்து வர்றவங்களுக்கு உதவும்ல?"

"படி பாக்கலாம்."

பஸ் உறுமியது. ஜன்னல் ஓரத்தில் லூர்துசாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மாலதி சத்தமாகப் படித்தாள்: "புளியங்கொல்லை நிறுத்தம். தூரம் ஐந்தரை கிலோமீட்டர். நடந்தவர்கள் பதின்மூன்று பேர். வண்டிப்பாதை அகலம் பன்னிரண்டு அடி. கொடுத்தது ஆறு. பாக்கி ஆறு."