பக்கத் தோற்றத்தில் ஒரு யன்னல்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் தொடங்கியது. என் வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்டுவதற்காக யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் படம் வரையக் கொடுத்திருந்தேன். தளப்படத்தில் மூன்று யன்னல், பக்கத் தோற்றத்தில் நான்கு. வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். படம் வரைந்த பெண் சிரித்தார்.

"தாள் வேறை வேறை அண்ணை. ஒண்டிலை அழிச்சால் மற்றதிலை இருக்கும். இனி அந்தக் கரைச்சல் இல்லை, புது மென்பொருளுக்கு மாறுறம்."

சிரித்து முடிக்கும்போது அவர் முகம் வாடிப்போனது. ஏனென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன். கீழே உள்ளதெல்லாம் என் கற்பனை.

2

உதயகலா ஏக்கத்துடன் திரையை வெறித்தாள். (வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே வாசிக்கமாட்டேன்.)

அச்சுவேலியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் உதயகலா அன்று (இதுவும் நொண்டுகிறது. சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.)

அந்த அலுவலகத்தில் படம் வரையும் உதயகலாவின் ஒரே மகள் தர்சினி போன மாரியில் டெங்குக் காய்ச்சலில் செத்துப்போனாள். ஒன்பது வயது. உதயகலாவே படம் வரைந்து அவர்கள் கட்டத் தொடங்கியிருந்த வீட்டுக்கு அப்போதுதான் அத்திவாரம் போட்டிருந்தது. மரம் விற்கும் மரக்காலையில் வேலை செய்யும் கணவன் குகதாசன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு சொன்னான்.

"பிள்ளையின்ரை அறையைப் படத்திலையிருந்து எடுத்துவிடும் கலா. அத்திவாரத்தை மண்போட்டு மூடுவம். என்னாலை பாக்கேலாது."

எடுத்தாள், தளப்படத்தில் மட்டும். பக்கத் தோற்றத்தில் அந்த அறையின் யன்னல் அப்படியே நின்றது. (மறந்துவிட்டாள் என்றுதான் முதற்பிரதியில் எழுதினேன். இத்தனை வருஷம் படம் வரைகிறவள் மறப்பாளா? எனக்குத்தான் விளங்கவில்லை.)

3

பழைய மென்பொருளில் இருந்தது வெறும் கோடு. தான் சுவரா வேலியா என்று கோட்டுக்கே தெரியாது. 'பிம்' என்று சுருக்கி அழைக்கும் புதியதில் வீட்டையே கட்டவேண்டும். சுவர் என்றால் உயரமும் கனமும் கல்லும் சேர்ந்த சுவர். தளப்படம், பக்கத் தோற்றம், கல்லுக் கணக்கு எல்லாம் அந்த ஒரே வீட்டிலிருந்து தானாக வரும். ஓரிடத்தில் அழித்தால் எல்லாத் தாளிலும் இல்லாமற்போகும். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான்கூட மெச்சினேன்.

முதலாளி துரைராஜா, பழகுவதற்கு ஆளுக்கொரு வீடு செய்து பார்க்கச் சொன்னார். உதயகலா தன் வீட்டையே எடுத்தாள். தளப்படத்தைப் பார்த்துச் சுவர்களை எழுப்பினாள். பக்கத் தோற்றத்துக்கு வந்தபோது அந்த யன்னலைப் பூட்ட இடமில்லை. புதியது அந்தரத்தில் யன்னல் வைக்க விடாது, அதற்கொரு சுவர் வேண்டும். சுவரை வைத்தாள். தனிச்சுவர் நிற்குமா? மற்றச் சுவர்களையும் வைத்தாள். மகளின் அறை வந்துவிட்டது.

எட்டிப் பார்த்த துரைராஜாவுக்குச் சந்தோஷம். "பாத்தீரே, பழசிலை ரெண்டு தாளும் ஒத்துவரேல்லை. இது காட்டிக்குடுத்திட்டுது. எது சரி?"

அவள் கணினியை மூடினாள்.

4

அன்று பின்னேரம் கணினியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவன் முன்னால் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, பஞ்சலிங்கம் மேசன் வெள்ளிக்கிழமை சுவர் எழுப்ப வாறார். படம் கேக்கிறார். இனி ஒரு வீடுதான் குடுக்கலாம்."

குகதாசன் அறையைக் கண்டான். கத்துவான் என்று பயந்தாள். (நானும் ஒரு சண்டையை எழுதி வைத்திருந்தேன். நல்ல சண்டை. அவன் கத்தவில்லை.)

"சாமியறையாக்குவமே?" என்றான்.

"பிள்ளையைச் சாமியாக்காதையுங்கோ. தேவாரம் பாடமாக்கவே அவளுக்குப் பஞ்சி."*

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு அழுதார்கள்.

"நீங்கள் எடுக்கச் சொல்லேக்கை ஒரு தாளிலைதான் எடுத்தனான். மற்றதிலை விட்டிட்டன். உங்களுக்குச் சொல்லேல்லை."

"தெரியும்."

"என்னண்டு?"

"அந்தத் தாளை நான் வேலைக்குக் கொண்டுபோறனான். சாப்பிடேக்கை விரிச்சுப் பாப்பன். எடுக்கச் சொன்னதும் நான்தான். நீர் எடுக்காதது நல்லதெண்டு இருந்ததும் நான்தான்."

* பஞ்சி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல். எனக்கும் உண்டு. இந்தப் பகுதியை எழுத மனமில்லாமல் பல மாதம் போட்டு வைத்திருந்தேன்.

5

ஒத்துவராத இரண்டு தாள்களில் இருவரும் ஒருமாதிரிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். இனி அது முடியாது.

முதல் முடிவு: அறையை எடுத்துவிடுகிறார்கள். கல்லும் சீமெந்தும் குறைகின்றன. புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த சனம் வீடு வடிவென்று சொல்லிவிட்டுப் போகிறது.

இரண்டாம் முடிவு: அறையைக் கட்டுகிறார்கள். கட்டினால் யாராவது தினமும் உள்ளே போய்க் கூட்டவேண்டும். யார் போவது என்று

(இரண்டையும் நிறுத்திவிட்டேன். மனம் கேட்கவில்லை.)

பிள்ளையைச் சாகவிடாமல் திருத்தினால் என்ன? இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு வசனம்தானே. உண்மையாகவே அழித்துப் பார்த்தேன். காய்ச்சல் மாறிப் பள்ளிக்கூடம் போனாள். ஆனால் நான்காம் பகுதியில் தாயும் தகப்பனும் அப்படியே அழுதுகொண்டிருந்தார்கள். நான் எழுதுவதும் பழைய முறைதான். அந்த வசனத்தைத் திரும்ப எழுதிய கை என்னுடையதென்று நினைக்கவே வெறுப்பாக இருக்கிறது.

குகதாசன் கணினியை அவள் பக்கம் தள்ளுகிறான். "நீர் சொல்லும்."

அவள் திருப்பித் தள்ளுகிறாள். "நீங்கள் சொல்லுங்கோ."

என்னால் ஏலாது. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது சொல்லியாகவேண்டும், பக்கத்தில் இருப்பது இதை வாசிக்கும் நீங்கள்தான். சொல்வதென்றால் மெதுவாகச் சொல்லுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அது.